அப்பாவின் பட்டாளத்து உடுப்பை நான் போடலாமா?

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர், போன வருடம் காலமானார். அவருடைய சீருடையும் நான்கு மெடல்களும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. சுதந்திர தினத்தன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற என்னை அழைத்திருக்கிறார்கள். அப்பாவின் உடுப்பையும் மெடல்களையும் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறார் அம்மா. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்கிறார் மாமா. யார் சொல்வது சரி?
- வாசகர், செந்துறை, அரியலூர் மாவட்டம்.

பதில்: உடுப்பு விஷயத்தில் மாமா பாதி சரி. மெடல் விஷயத்தில் அம்மா சரி.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-வது பிரிவு உங்கள் கேள்விக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். முப்படையில் இல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அந்த உடுப்பையோ சின்னத்தையோ அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலைக்கு முன் இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 140-வது பிரிவு. அபராதம் வெறும் 500 ரூபாய். வாரண்ட் இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் ஜாமீனில் விடத்தக்க குற்றம்.

இதில் உயிர்நாடி ‘நோக்கம்’ என்ற சொல்தான். நாடக மேடையில் சிப்பாய் வேஷம் கட்டுகிறவர் யாரையும் ஏமாற்றவில்லை. உங்களையும் ஊரே அறியும். ஆனால் செந்துறை பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அந்நியருக்கு, தோளில் மூன்று பட்டை, நெஞ்சில் பெயர்ப்பலகையோடு வரும் நீங்கள் ஹவில்தார்தான். அங்கே விளக்கம் சொல்லும் வேலை உங்கள் தலையில் விழும். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடுப்பில்தான் வந்தார்கள். அதன் பிறகு, பொதுமக்கள் ராணுவ உடுப்பு போன்ற துணிகளை அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. 2022-இல் வந்த புதிய போர்க்கள உடுப்பின் வடிவமைப்பையும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அனுமதியின்றித் தைத்து விற்றால் அது தனி வழக்கு. (வயலுக்குப் போட்டுப்போகும் புள்ளிபோட்ட டிரவுசருக்காக யாரும் உள்ளே போனதாக நான் பார்த்ததில்லை. ‘ஆர்மி’ ஸ்டிக்கர் ஒட்டிய பைக்குகளைத் தினமும் பார்க்கிறேன்.)

நம் மாவட்டத்தில் பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் உயிர்நீத்த கார்குடி சிவச்சந்திரன், மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்தவர். அந்தப் படை ராணுவம் அல்ல. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. அதன் சீருடையைப் பிறர் அணிந்தால் பொது ஊழியர் உடை பற்றிய, அதே சன்ஹிதாவின் 205-வது பிரிவைத்தான் பார்க்க வேண்டும். அது இன்னும் கறார்: நோக்கம்கூட வேண்டாம், பிறர் அப்படி நம்பக்கூடும் என்று தெரிந்திருந்தாலே போதும். அபராதம் 5,000 ரூபாய் வரை.

இனி மெடல். வாங்கியவர் இடது மார்பில் குத்துவார்; மறைந்தவருடைய மெடலை நெருங்கிய உறவினர் வலது மார்பில் குத்துவது படை மரபு. அந்த வலப்பக்கமே ‘இது என்னுடையதல்ல, என் அப்பாவுடையது’ என்று சொல்லிவிடும்.

ஆகவே உடுப்பைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். வெள்ளை வேட்டி சட்டையில், அப்பா அடுக்கி வைத்த வரிசை மாறாமல், நான்கையும் வலப்பக்கம் குத்திக்கொண்டு போய்க் கொடியேற்றுங்கள். குத்திவிடுகிற வேலை அம்மாவுடையதாக இருக்கட்டும்.