சோற்றுத் தட்டில் ஈ

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னாலேயே பெரிய கோழிப்பண்ணை வந்துவிட்டது. அம்மா சோற்றில் கை வைப்பதற்குள் ஈ மொய்த்துவிடுகிறது. ஊரார் யாரிடம் போவது?
– வாசகி.

பதில்: உங்கள் அம்மாவின் கோபம் நியாயமானது. நாமக்கல், பல்லடம் வட்டாரங்களில் பல ஊர்கள் இதே மனுவோடு திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றிருக்கின்றன. பண்ணைக்குள் பரப்பிய தேங்காய்நார்த் தூளைக் கையில் அள்ளிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் ஈ பெருகாது. குடிநீர்க் குழாய் கசிந்து எச்சம் நசநசத்துக் கிடந்தால், இந்த வெயிலுக்குப் பத்தே நாளில் முட்டை ஈயாகிவிடும். செத்த கோழியை வெளியே வீசுவது அதைவிடக் கொடுமை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் திருத்திய வழிகாட்டுதலின்படி, 5,000 கோழிகளுக்கு மேல் வளர்க்கும் பண்ணைக்கு மாநில வாரியத்தின் இசைவு வேண்டும். புதிய பண்ணை குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இசைவு இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

பண்ணைக்காரரைப் பகைக்க வேண்டாம். குஞ்சும் தீவனமும் ஒப்பந்தக் கம்பெனியுடையவை, கடன் மட்டும் அவருடையது. பல இடங்களில் நிலைமை இதுதான். ஆகவே மனுவில் கம்பெனி பெயரையும் சேருங்கள்.

அதிலும் தீராவிட்டால், பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. அங்கே வழக்குப் போட ஆறு மாதக் கெடு உண்டு. தள்ளிப்போடாதீர்கள்.