ஓரையும் கிழமையும்

அன்புள்ள தம்பிக்கு,

ஆங்கிலக் கிழமைப் பெயர்கள் தமிழ்ப் பெயர்களைப் பார்த்து எழுதப்பட்டவை என்று மேடையில் முழங்குவோரும், ஏழு நாள் வாரமே வெள்ளையர் கொண்டுவந்த சரக்கு என்போரும் ஒரே அளவுக்குத் தவறுகிறார்கள். பின்னவர்க்குச் சம்பந்தரின் கோளறு பதிகமே போதிய மறுப்பு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பதிகத்தில் ஏழு கோள்களும் கிழமை வரிசையில்தான் நிற்கின்றன. முன்னவரோ, 79ஆம் ஆண்டில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரச் சுவரில் ரோமரின் நாட்பெயர்கள் கீறப்பட்டிருப்பதை அறியாதவர்கள்.

ஞாயிற்றுக்குப் பின் திங்களும் திங்களுக்குப் பின் செவ்வாயும் வருவது எந்தக் கணக்கில் என்ற தம்பியின் வினா பழமையானது. கிரேக்க அறிஞர் புளூட்டார்க் இதற்கென்றே ஒரு பகுதி எழுதினார். தலைப்பு தப்பிப் பிழைக்க, விடை இருந்த ஏடுகள் அழிந்தன. பழைய நூல் படிப்பவர்க்கு இதைவிட எரிச்சலூட்டும் இழப்பு அரிது. நல்லவேளையாக, பின்வந்த வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ விடையைப் பதிந்து வைத்தார்.

பூமியிலிருந்து காண்கையில் மெதுவாக நகர்வது முதல் விரைவாக நகர்வது வரை கோள்களை முன்னோர் சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் என்று அடுக்கினர். நாளின் 24 மணிகளையும் இந்த அடுக்கின்படியே கோளுக்கு ஒன்றாகப் பங்கிட்டு, முதல் மணிக்கு உரிய கோளின் பெயரையே அந்த நாளுக்கும் இட்டனர். சனிக்கிழமையின் முதல் மணி சனிக்கு என்றால் 8, 15, 22ஆம் மணிகளும் சனிக்கே, 23 வியாழனுக்கு, 24 செவ்வாய்க்கு, மறுநாளின் முதல் மணி சூரியனுக்கு, ஆகவே ஞாயிறு. 24ஐ 7ஆல் வகுக்க மீதி 3 என்பதைத் தவிர இதில் மறைபொருள் ஏதும் இல்லை. ஆரியபட்டரும் தம் நூலில் இதே முறையைக் கூறுகிறார். பஞ்சாங்கத்தில் இன்றும் அச்சாகும் ஓரை அட்டவணை இந்தப் பங்கீடுதான். ஓரை என்ற சொல்லும் மணியைக் குறிக்கும் ஆங்கில 'அவர்' என்ற சொல்லும் 'ஹோரா' என்ற ஒரே கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை. மணி இல்லாமல் கிழமை வரிசை பிறந்திருக்க முடியாது என்றிருக்க, கிழமைப் பெயர்களை ஒரு பாடத்திலும் மணி சொல்வதை வேறொரு பாடத்திலும் வைத்துத் தொடர்பை அறுத்துவிடும் பாடநூல்களை என்னவென்று சொல்வது?

ஆங்கிலத்துக்கு வருவோர் அறிய வேண்டியது சிறிதே. ரோமரின் நாட்பெயர்களை ஏற்ற செர்மானிய மக்கள் செவ்வாய்க்கு டீவ், புதனுக்கு வோடன், வியாழனுக்குத் தூனோர், வெள்ளிக்கு ஃபிரிக் எனத் தம் தெய்வங்களை அமர்த்தினர். சனிக்கு மட்டும் ரோமப் பெயரே நிலைத்து 'சாட்டர்டே' ஆயிற்று. 'வெட்னெஸ்டே' என்று எழுத்துக்கூட்டி உருப்போட வைப்பது வீண் வேலை. நாவில் 'வென்ஸ்டே' என்றே ஒலிக்கும் அப்பெயரில் ஒலிக்காத 'டி' வோடன் பெயரின் எச்சம் என்று ஒருமுறை சொன்னால் எந்தப் பிள்ளையும் அதை விட்டுவிட்டு எழுதாது.

திங்கட்கிழமையின் முதல் ஓரையைச் சந்திரனுக்குத் தந்து, 25ஆம் ஓரை யாருக்கு என்று தம்பி எண்ணிப் பார்த்து அடுத்த மடலில் எழுதலாம்; சந்திரனுக்கு அடுத்து அடுக்கு மீண்டும் சனியிலிருந்து தொடங்கும்.

அன்புடன்,
ஆசிரியர்