இசைக்குழுவுக்குப் புதுத் தலைமை: தொடக்கநிலையினருக்கான முழுமையான வழிகாட்டி

மலாக்காவில் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தைப்பூசத்துக்கு உறுமி மேளம், கோயிலில் தவில் நாதஸ்வரம், கல்யாண மண்டபத்தில் கீபோர்டோடு மெல்லிசைக் குழு. இவர்களையும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே மேடையில் உட்கார வைத்து, தாளைப் பார்த்து வாசிக்க வைக்கும் பெரிய குழுவைக் காண்பதுதான் அபூர்வம். அப்படியொன்றைத் தொடங்கப் போகிறவர்களுக்கும், இருக்கும் குழுவின் பொறுப்பைப் புதிதாக ஏற்கிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி. கோலாலம்பூரின் மலேசிய பில்ஹார்மோனிக் போன்ற சிம்பொனி இசைக்குழுக்கள் தலைமை மாறும்போது செய்வதைப் பார்த்து, நம் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ளலாம்.

படி 1: யார் எதற்குப் பொறுப்பு?

சிம்பொனி குழுவில் தலைமை மூன்றாகப் பிரிந்திருக்கும். பணத்துக்கும் கொள்கைக்கும் செயலவை, அன்றாட வேலைக்கு நிர்வாகி, என்ன வாசிப்பது, எப்படி வாசிப்பது என்பதற்கு இசை இயக்குநர். நம் சங்கங்களில் தலைவரே கணக்கும் பார்ப்பார், பாட்டையும் அவரே தேர்ந்தெடுப்பார். சண்டை அங்கேதான் தொடங்கும்.

பெரிய குழுக்களும் இதற்கு விலக்கல்ல. 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியின் இசை இயக்குநர் எசா-பெக்கா சலோனன் விலகப்போவதாக அறிவித்தார். குழுவின் எதிர்காலம் பற்றிய தன் இலக்கும் செயலவையின் இலக்கும் ஒன்றல்ல என்பதே அவர் சொன்ன காரணம். அதனால் முதல் கூட்டத்திலேயே யார் எதை முடிவு செய்வார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

படி 2: இருப்பைக் கணக்கெடுங்கள்

முழு சிம்பொனிக்கு எண்பது, நூறு பேர் வேண்டும். நாம் இருபது பேரோடு தொடங்கலாம். ஆள் கணக்கோடு வாத்தியக் கணக்கும் எடுங்கள். ஸ்டோரில் கிடக்கும் வயலின் பெட்டியைத் திறந்து பாருங்கள். வில்லைத் தளர்த்தாமல் வைத்திருந்தால் குச்சியின் வளைவு போயிருக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் பசை விட்டு, பலகை ஓரம் நகம் நுழையும் அளவு வாய் பிளந்திருக்கும். கடைப் பசையால் ஒட்டிவிடாதீர்கள். வயலினுக்கு விலங்குப் பசைதான் பொருந்தும். பின்னாளில் பழுதுபார்க்கப் பிரிக்க வேண்டிவந்தால் அதுதான் சேதமின்றிப் பிரியும்.

படி 3: சுருதியை ஒன்றாக்குங்கள்

மேற்கத்தியக் குழுவில் ஓபோ ஒரு ஸ்வரம் கொடுக்க, மற்றவர்கள் அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். நம் குழுவில் நாதஸ்வரத்தை மையமாக வையுங்கள். கீபோர்டில் பொத்தானைத் தட்டிச் சுருதியை மாற்றலாம். குழலை அப்படி மாற்ற முடியாது. இன்று புழக்கத்தில் இருக்கும் பாரி நாதஸ்வரங்கள் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டை. இரண்டு கட்டை என்பது கீபோர்டின் ‘டி’. மேற்கத்திய முறையில் சேர்த்த வயலினிலும் அந்தத் தந்தி உண்டு. எனவே இரண்டு கட்டை நல்ல தொடக்கம்.

அடுத்தது சத்தம். தவிலும் உறுமியும் முன்வரிசையில் இருந்தால் வயலின் காதிலேயே விழாது. அவற்றைப் பின்வரிசைக்கு அனுப்பி, தந்தி வாத்தியங்களுக்கு மட்டும் மைக் கொடுங்கள். தாளில் மேற்கத்தியக் குறியீட்டின் அடியிலேயே ச ரி க ம எழுதிவிட்டால் இரு தரப்பும் ஒரே பக்கத்தைப் பார்த்து வாசிக்கலாம்.

படி 4: மூன்றாண்டுத் திட்டம்

குஸ்தாவோ துதமேல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் தலைமைக்கு வருவது 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது, பொறுப்பேற்பதோ 2026இல். மண்டபம், விருந்துக் கலைஞர்கள், நன்கொடை எல்லாமே ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே முடிவாவதால்தான் இந்த இடைவெளி.

நாம் முதலில் முடியாத நாள்களைக் குறித்துவிட வேண்டும். தைப்பூசம், செங் சன்னாசிமலை மாசி மகம், தீபாவளி, எஸ்பிஎம் தேர்வுக்காலம். மிச்சமுள்ள நாள்களில் முதலாண்டு பயிற்சியும் ஒரு பள்ளி மேடையும், இரண்டாமாண்டு ஜாசினிலும் அலோர் காஜாவிலும் சிறு நிகழ்ச்சிகள், மூன்றாமாண்டு மலாக்காப் பட்டணத்தில் முழுக் கச்சேரி.

படி 5: பிள்ளைகளில் இருந்து தொடங்குங்கள்

மலேசிய பில்ஹார்மோனிக் 1998 ஆகஸ்டு 17 அன்று, கேஸ் பாக்கல்ஸ் தலைமையில், பெட்ரோனாஸ் கோபுரத்தின் புது அரங்கில் முதல் கச்சேரி நடத்தியது. வாசித்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். அதன் இளையோர் இசைக்குழு 2006இல்தான் அமைந்தது. பணம் இருந்ததால் ஆள்களை வரவழைத்து மேடையை முதலில் நிரப்ப முடிந்தது. நமக்கு அந்த வழி இல்லை. பிள்ளைகளைத் தயார்செய்தால்தான் மேடை.

மலாக்காவில் தமிழ்ப்பள்ளிகள் 21. புக்கிட் அசஹான், கெமுனிங், தெபோங் பக்கமெல்லாம் பழைய தோட்டக் குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறிவிட்டன. சனிக்கிழமைப் பயிற்சிக்குப் பிள்ளையைக் கொண்டுவிட அப்பாவுக்கு வேலை ஒழியாது. எனவே வயலின் வாங்கும் முன் வேன் செலவை ஒதுக்குங்கள். எல்லாப் பிள்ளைக்கும் வயலின்தான் ஆசை. நான்கில் ஒருவரையாவது செலோவுக்கும் வியோலாவுக்கும் பக்குவமாகத் திருப்புங்கள்.

படி 6: பணமும் உரிமமும்

மலேசிய பில்ஹார்மோனிக்கைத் தாங்குவது பெட்ரோனாஸ். அப்படி ஒற்றைத் தூண் கிடைத்தாலும் சிறு குழு அதில் மட்டும் சாயக் கூடாது. கோயில், முன்னாள் மாணவர், டிக்கெட் என்று மூன்று வழியாவது திறந்திருக்கட்டும். சங்கப் பதிவிலாகாவில் பதிந்து, காசோலைக்கு இருவர் கையெழுத்து என்று வையுங்கள்.

சினிமாப் பாட்டைப் பொதுமேடையில் வாசிக்க எம்ஏசிபி போன்ற உரிமை அமைப்பிடம் உரிமம் எடுக்க வேண்டும். 2025 மார்ச் 8 அன்று இளையராஜா தம் ‘வேலியண்ட்’ சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றியதும் பலருக்கும் அதை வாசிக்க ஆசை வந்திருக்கும். உரியவரின் அனுமதி இல்லாமல் காதால் கேட்டு எழுதி மேடையேற்றாதீர்கள்.

படி 7: ஒருமுறை நேரில் பாருங்கள்

மலேசிய பில்ஹார்மோனிக் கச்சேரி ஒன்றுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பூலாவ் செபாங் நிலையத்தில் ரயிலேறினால் கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து எல்ஆர்டியில் கேஎல்சிசி. செருப்பும் அரைக்கால் சட்டையும் வேண்டாம். பிள்ளைகளிடம் முதல் வயலின்காரரைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு வரிசை முழுக்க வில் எப்படி ஒரே பக்கம் போகிறது என்பது அப்போதுதான் மனத்தில் பதியும்.

ஆண்டுக்கூட்டத்தில் கேட்க மூன்று கேள்விகள்

கணக்கு மேசையில் இருக்கிறதா? அடுத்த ஆண்டு நாள்காட்டி தயாரா? தலைவர் நாளை விலகினால், வரும் சனிக்கிழமைப் பயிற்சி வழக்கம்போல நடக்குமா? மூன்றாவதற்குப் பதில் ‘இல்லை’ என்றால், மண்டபத்துக்கு எடுத்துவைத்த பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்கு மாற்றிவிடுங்கள். கச்சேரி ஓராண்டு தள்ளிப்போனாலும் பாதகமில்லை.