கிடாத்தலை எலும்பை வெளுக்க

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்டில் கொம்புள்ள கிடாத்தலை வாங்கும்போது, மூளைக்காகப் பிளக்காமல் முழுசாகக் கேளுங்கள். தோல், கண், நாக்கை நீக்கி, மூளையைப் பின்துளை வழியாகக் கிளறி எடுத்துவிட்டு, வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். கொதிக்க வைக்கவே வேண்டாம். கொழுப்பு எலும்புக்குள் இறங்கி மஞ்சளடிக்கும், மெல்லிய மூக்கெலும்பும் பிரிந்துவிடும். பினாங்கு வெக்கையில் சில வாரங்களில் சதை தானாகக் கழன்றுவிடும். நாற்றம் கடுமையாக இருக்கும், அடுக்குமாடி வீட்டில் செய்யாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிடாதபடி வாளிக்கு மூடி கட்டாயம். தண்ணீரை வடிகட்டியே கொட்டுங்கள். உதிர்ந்த பற்கள் அடியில் கிடக்கும். கொம்பின் மேல்கூடு கழன்றதும் எடுத்துத் தனியே காயவையுங்கள்.

அடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். எண்ணெய்ப் படலம் மிதப்பது நிற்கும் வரை நீரை மாற்றுங்கள். பலர் அவசரப்படுவது இங்கேதான். கொழுப்பு மிச்சமிருந்தால் எத்தனை வெளுத்தாலும் மஞ்சள் திரும்பும்.

வெளுக்க குளோராக்ஸ் கூடவே கூடாது, எலும்பையே அரித்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓரிரு நாள் ஊறட்டும். கையுறை போடுங்கள், வாயு சேருமென்பதால் பெராக்சைடு பாத்திரத்தின் மூடியை இறுக்காதீர்கள்.

காட்டுப்பன்றி மண்டையோடு என்றால் முதலில் மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் உரிமம் பற்றிக் கேளுங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கின் எந்தப் பாகத்தையும் உரிமமின்றி வைத்திருப்பது குற்றம்.