தாழ்வாரத்துத் தொட்டித் தோட்டம்

(வாசக வட்டப் பாடம்)

நீலகிரியில் தோட்டம் என்றவுடன் தேயிலைத் தோட்டமும் மலைச்சரிவில் படிபடியாக அமைந்த காய்கறி நிலமுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் பொருட்டு அங்கத்தினர் இல்லங்களுக்குச் சென்று வரும் நாம் ஒரு முரண்பாட்டை அடிக்கடி காண்கின்றோம். மூட்டை மூட்டையாகக் கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் வீட்டில், கொத்தமல்லித் தழை கடையிலிருந்து வருகின்றது. எஸ்டேட் லயன்களில் வசிப்போருக்கோ கையகல நிலமும் சொந்தமில்லை. தறிமேடையும் பாவு விரிக்கும் தெருவுமன்றி வேறு இடம் காணாத சமவெளி நெசவாளர் நிலையும் ஏறத்தாழ இதுவே. இவர்கள் அனைவர்க்கும் பயன்படும் பொருட்டு, தாழ்வாரத்திலும் பால்கனியிலும் தொட்டிகளில் பயிர் செய்யும் முறையை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

வீட்டுக் காய்கறிக்காகப் பலர் கூடி முயல்வது உதகைக்குப் புதிதன்று. 1845-ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் சிலர் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, தமக்கு வேண்டிய காய்கறிகளைப் பெறுவதற்கென ஒரு தோட்டம் அமைத்தனர். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. பின்னர் 1847-இல் பொதுத்தோட்டம் ஒன்றை நிறுவ முயற்சி தொடங்கிற்று. 1848-இல் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மெக்கைவர் என்பார் வந்து, இன்று நாம் காணும் அரசினர் தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். மே மாதந்தோறும் அங்கு நடைபெறும் மலர்க்காட்சியில் ஆயிரக்கணக்கான தொட்டிச் செடிகள் அடுக்கடுக்காக நிற்பதைக் காண்போர், தொட்டியில் எத்துணை செய்ய இயலும் என்பதை உணர்வர்.

மண்

முதலில் எழும் வினா, மண்ணை எங்கிருந்து எடுப்பது என்பது. இதில் சிறு கவனக்குறைவும் பெருந்தீங்கை விளைவிக்கும். உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு 1961-ஆம் ஆண்டில் நீலகிரியில் கண்டறியப்பட்டது. பெண் புழுவின் உடலே இறுதியில் கடினமான கூடாக மாறி, நூற்றுக்கணக்கான முட்டைகளை உள்ளடக்கிக் கொண்டு, பயிர் இல்லாத போதும் மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும். தக்காளியும் கத்தரியும் அதற்கு உணவாகும். அது தானாக நெடுந்தூரம் செல்லாது. மண்ணோடும் விதைக்கிழங்கோடும் கருவிகளோடும் நாமே அதைச் சுமந்து செல்கின்றோம்.

அங்கத்தினர் ஒருவர் தம் பழைய கிழங்கு நிலத்து மண்ணைத் தாழ்வாரத் தொட்டிகளில் நிரப்பித் தக்காளி நட்டார். செடிகள் முழ உயரத்தில் நின்றுவிட்டன. பிடுங்கிப் பார்த்தபோது வேரில் கடுகினும் மிகச் சிறிய மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தன. அவர் அம்மண்ணைக் கீழ்ப்பாத்தியிலேயே கொட்டிவிட்டார். அப்பாத்திக்குக் கீழே இருந்தது அண்டை வீட்டாருடைய நிலம்! மழைநீர் எத்திசையில் ஓடும் என்பதை மலைவாழ் மக்களுக்கு நாம் கூற வேண்டுவதில்லை.

ஆகவே கிழங்கு நிலத்து மண் கூடவே கூடாது. சோலைக்காட்டு மண்ணைத் தோண்டுவதும் தகாது. கிழங்கு பயிராகாத வீட்டுப்புற மண்ணோ, உரியவர் இசைவுடன் பெற்ற தேயிலை நிலத்து மண்ணோ ஏற்றது. இம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு எனக் கலக்க. தேயிலை மண் புளிப்புத் தன்மை மிக்கது. காய்கறிக்கு அது ஆகாது. ஒரு பெரிய தொட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி டோலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்து, இரு வாரம் ஈரமாக வைத்திருந்து பின் விதைக்க.

தொட்டி

புதிதாக வாங்குவது கட்டாயமன்று. பழைய வாளி, டின், மரப்பெட்டி எதுவும் போதும். நச்சு மருந்து இருந்த கலம் மட்டும் ஒருபோதும் ஆகாது. அடியில் விரல் நுழையும் அளவில் மூன்று நான்கு துளைகளிட்டு, ஓட்டுச் சில்லுகளால் மூடுக. கீரை, கொத்தமல்லி, புதினா, வெங்காயத்தாள், முள்ளங்கி ஆகியவற்றிற்கு 8 அங்குல ஆழமும், குட்டைக் கேரட், பீட்ரூட், செடி பீன்ஸ் ஆகியவற்றிற்கு 10 முதல் 12 அங்குல ஆழமும் வேண்டும்.

பாரத்தையும் கணக்கிடுதல் அவசியம். 12 அங்குல அகலமும் அதே ஆழமும் உள்ள தொட்டி, ஈரமண்ணுடன் 25 கிலோவுக்குக் குறையாது. பத்துத் தொட்டிகள் 250 கிலோ ஆகும். மரப் பால்கனியிலும் பழைய கட்டடத்திலும் பெரிய தொட்டிகளை வெளிவிளிம்பில் வையாது சுவரோரமாக வைக்க வேண்டும்.

நீரும் பனியும்

தென்மேற்குப் பருவமழையில் உதகையிலும் கூடலூரிலும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் திறந்தவெளித் தொட்டிகள் சேறாகிவிடும். கூரையுள்ள தாழ்வாரத்தின் மேன்மை இங்குதான் விளங்கும். தக்காளி இலையில் ஈரம் தங்காதபோது கருகல் நோயும் குறையும். ஆனால் கூரையின் கீழ் மழை படாது. ஆதலின் மழைக்காலத்திலும் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் காலையில் நீர் ஊற்றுக. அடித்தட்டில் நீர் தேங்கினால் கொசு முட்டையிடும். அதை அன்றன்றே கொட்டிவிடுக. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழும். அப்போது தொட்டிகளைச் சுவரோடு நெருக்கிச் சாக்கினால் மூடி, வெயில் ஏறியபின் திறக்க வேண்டும்.

மலர்கள்

பிகோனியா, பியூஷியா இரண்டும் நிழல் விரும்புவன. ஜெரேனியம், பெட்டூனியா, சாமந்தி ஆகியவை வெயில் விரும்புவன. தாழ்வாரத்தில் வெயில் எத்தனை நாழிகை படுகின்றது என அறிந்து தேர்ந்தெடுக்க. ஹைட்ராஞ்சியா நமக்கு ஓர் ஆசானாகவும் விளங்குகின்றது. புளிப்பு மண்ணில் அது நீலமாகவும், சுண்ணாம்பு கலந்த மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். நம் வீட்டு முகப்பில் அது நீலமாகப் பூப்பின், அம்மண் காய்கறிக்குச் சுண்ணாம்பு கேட்கின்றது என்று கொள்ளலாம்.

நிலத்திற்கு வாங்கிய மருந்தின் மிச்சத்தைத் தாழ்வாரத்தில் தெளிப்பாரும் உளர். குழந்தை விளையாடுவதும் துணி உலர்வதும் அவ்விடத்திலேயே என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். அசுவினியை நீரால் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் போதும்.

கூட்டாகச் செய்வன

தொட்டித் தோட்டம் குடும்பத்தின் முழுத் தேவையையும் நிறைவு செய்யும் என்று நாம் கூற மாட்டோம். தழையும் கீரையும் சிறு காய்களும் கடைச் செலவில் ஒரு பகுதியைக் குறைக்கும். பறித்த உடனே சமையலுக்கு வரும். எனினும் ஒரு வீட்டிற்கு வேண்டிய விதை ஒரு சிட்டிகையே. கடையில் கிடைப்பதோ பெரிய பொட்டலம். மிஞ்சிய விதை முளைப்புத் திறன் இழக்கின்றது. பத்து வீட்டார் கூடிப் பத்து வகை விதைகளை வாங்கிப் பகிர்ந்து கொண்டால் இந்நஷ்டம் இல்லை. உரம், மணல், சுண்ணாம்பு ஆகியவற்றையும் அவ்வாறே வாங்கலாம். விளைபொருளை ஒன்றுகூடி விற்க 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைக் கண்ட மாவட்டம் இது. ஒன்றுகூடி ஒரு பொட்டலம் விதை வாங்குவது நமக்குக் கடினமாகுமா?

வாங்கியது, பகிர்ந்தது, பறித்தது ஆகிய மூன்றையும் ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வருக. ஆண்டு முடிவில் எது பயன் தந்தது, எது வீண் என்பதை அக்கணக்கே சொல்லும்.

வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நம் ஊரில் கிழங்கு பயிராகாத மண் எங்குக் கிடைக்கும்? கெட்ட தொட்டி மண்ணைப் பிறர் நிலத்துக்குத் தீங்கின்றி எவ்வாறு அகற்றுவது?

2. நம் வீட்டுத் தாழ்வாரம் எத்தனை தொட்டிகளின் பாரத்தைத் தாங்கும்?

3. எவ்வெவ் விதைகளைக் கூட்டாக வாங்கலாம்? கணக்கெழுதும் பொறுப்பை யார் ஏற்பார்?