விமானம் ரத்து, ஒரு நாள் மிச்சம்!

கேள்வி: இஸ்தான்புல்லிலிருந்து ஊர் திரும்பும் விமானம் ரத்தாகி, மறுநாள்தான் இடம் என்றால், அந்த ஒரு நாளை எப்படிப் பயன்படுத்துவது? முக்கியமான இடங்களை ஏற்கெனவே பார்த்தாயிற்று.
- வாசகர், திருச்சி

பதில்: முதலில் மூன்று வேலைகளை முடியுங்கள். புதிய டிக்கெட்டை எழுத்தில் வாங்குங்கள். தங்குமிடமும் சாப்பாடும் தருவார்களா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள். விசாவின் கடைசி நாளைப் பாருங்கள். பிறகு பெட்டியை அறையில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

காலையில் பசிலிக்கா நிலத்தடி நீர்த்தேக்கம். 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கட்டியது, 336 தூண்கள். ஒரு மூலையில் இரண்டு தூண்களுக்குக் கிரேக்கப் புராண அரக்கி மெடூசாவின் தலைகளே அடிக்கல். ஒன்று தலைகீழாக, மற்றது பக்கவாட்டில்!

அடுத்து எமினோனு துறையில் கடிகோய் படகைப் பிடியுங்கள். உல்லாசப் படகு வேண்டாம். அலுவலகம் போகிறவர்கள் ஏறும் படகே போதும். டிராமுக்கு வைத்திருக்கும் இஸ்தான்புல்கார்ட் பயண அட்டை இதற்கும் செல்லும். ஒரு சிமிட் ரொட்டி, சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர், கூடவே பறந்து வரும் கடற்பறவைகள். சுமார் இருபது நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வந்துவிடுவீர்கள்.

கடிகோய் சந்தையில் மீன், ஆலிவ், பாலாடைக்கட்டிக் கடைகளைச் சுற்றுங்கள்; மோடா கடற்கரை நடக்கும் தூரம்தான். சூரியன் சாயும் நேரத்துப் படகில் திரும்புங்கள். ஹாகியா சோபியாவின் குவிமாடமும் மினார்களும் செவ்வானத்தில் தெரியும் காட்சிக்குக் கட்டணம் கிடையாது.

பார்த்த இடங்களுக்கே மறுபடி போக நினைத்தால், கிராண்ட் பஜார் ஞாயிறன்றும், தோப்காபி அரண்மனை செவ்வாயன்றும் விடுமுறை. நினைவில் இருக்கட்டும்.