பிரேக்கில் கோளாறு என்று கம்பெனி அழைத்தால்...

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் நம்மில் பலர் போய்வருவது இரு சக்கர வண்டியில்தான். முன்னால் பிள்ளை, பின்னால் மனைவி, சில நாள் மீன் பெட்டியும் ஐஸும். இத்தனை சுமையையும் பிரேக்தான் நிறுத்த வேண்டும். அந்த பிரேக் தயாரிப்பிலேயே குறையோடு வந்திருந்தால்?

அதற்கான ஏற்பாடுதான் 'ரீகால்'. 'வாகனங்களைத் திரும்பப் பெறுதல்' என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். வண்டியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று இதற்குப் பொருள் இல்லை. சர்வீஸ் சென்டருக்கு வரவழைத்து, சோதித்து, குறையுள்ள பாகத்தை இலவசமாக மாற்றித் தருவார்கள்.

நடந்தவை

சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு 2019 மே மாதம் சுமார் 7,000 புல்லட் வண்டிகளை இப்படி அழைத்தது. பிரேக் காலிப்பர் போல்ட் உரிய தரத்தில் இல்லை என்பது காரணம். 2021 டிசம்பரில் 26,300 கிளாசிக் 350 வண்டிகளை அழைத்தது. பின்சக்கர டிரம் பிரேக்கைத் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட், மிக பலமாக பிரேக் அடித்தால் சேதமாகலாம் என்று தெரியவந்தது. 2022 அக்டோபரில் மாருதி சுசுகி, பின் பிரேக்கில் உள்ள ஒரு பின் உடையலாம் என்று வேகன் ஆர், செலேரியோ, இக்னிஸ் கார்கள் 9,925-ஐ அழைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த மாடலில் ஓடும் எல்லா வண்டிகளையும் அழைக்கவில்லை. 2021-இல் அழைத்தவை செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரானவை மட்டும். ஆகவே உங்கள் வண்டி அதில் உண்டா என்பதை சேஸிஸ் நம்பர்தான் சொல்லும்.

கடிதம் யாருக்குப் போகும்?

கம்பெனி தகவல் அனுப்புவது தன்னிடம் பதிவாகியுள்ள உரிமையாளருக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் ஓட்டினால், தகவல் பழைய உரிமையாளரின் போனுக்குப் போகும். குறையுள்ள பிரேக்கில் உங்கள் பிள்ளை போய்க்கொண்டிருப்பான்.

செய்ய வேண்டியவை

1. ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேஸிஸ் நம்பரை எழுதி வையுங்கள். அதை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சொல்லி, ரீகால் நிலுவையில் உள்ளதா என்று கேளுங்கள். கம்பெனியின் இணையதளத்திலும் பார்க்கலாம்.

2. பழைய வண்டி வாங்கினால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். போன் நம்பர் மாறியிருந்தால் சர்வீஸ் சென்டரிலும் புதிய நம்பரைக் கொடுங்கள்.

3. வாரண்டி முடிந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்து சும்மா இருந்துவிடாதீர்கள். கேட்டுப் பாருங்கள்.

4. வேலை முடிந்ததும் என்ன பாகம் மாற்றினார்கள் என்று எழுதிய ஜாப் கார்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

5. பிரேக்கில் புது சத்தம் வந்தாலோ, பிடிப்பு குறைந்தாலோ கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

6. ரீகால் என்று போன் செய்து பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால் கொடுக்காதீர்கள்.

உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடிப்பதும், பிரேக் ஷூ தேய்வதும் ரீகாலில் சேராது. அவற்றை நாம்தான் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம்

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஆபத்தான குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. உரிமையாளர்கள் கொடுக்கும் புகார்களும் இந்த நடவடிக்கைக்கு ஆதாரமாகும் என்பதால், குறை கண்டால் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. சர்வீஸ் சென்டரில் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

வண்டியை விற்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ரீகால் தகவல் வந்திருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். விற்ற பிறகு வந்தாலும் ஒரு போன் செய்யுங்கள். பொருளின் குறையை மறைத்து விற்பது மார்க்கம் தடுத்த காரியம். அதிலும் இந்தக் குறை ஓர் உயிரையே எடுத்துவிடக்கூடியது.